வேலிப் பொட்டும் பெற்றோல் குப்பியும்

நான் விவாத மேடைகளில் வென்ற கேடயங்களுக்கு அருகே சுவரில் ஓர் ஆணி உண்டு. அதில் ஒரு பென்சிலின் குப்பி தொங்கும்; விரல் நீளம், இறப்பர் மூடி, கழுத்தில் சணல் கயிறு. வருவோர் கேடயங்களைப் பார்த்துவிட்டு, குப்பியைப் பாராமலே போய்விடுவர். நாவன்மைக்குப் பரிசு பெற்றவன் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆயினும் அந்தச் சுவரில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், என் அண்ணையின் குப்பிக்கே என்பேன்.

கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதிய அண்ணைக்குத் தன் கணக்கு மட்டும் ஒருநாளும் சரிவந்ததில்லை. சம்பள நாளில் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் போவார். சிநேகிதர்களுக்குப் படமும் ஐஸ்கிறீமும் அவர் செலவு. மாத நடுவில் அம்மாவிடம் கைநீட்டுவார். "காசு என்னம்மா, காத்து மாதிரி" என்பார். திருமணமான பின்னும் அந்தக் காற்று நிற்கவில்லை.

பிறகு பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரம் மறைந்தது, சீனி மறைந்து தேநீருக்குப் பனங்கட்டி வந்தது, பெற்றோல் மருந்தைப்போல் குப்பிகளில் விலைபோனது. ஊரார் ஓர் உபாயம் கண்டனர். ஊசியால் சில துளி பெற்றோலை இயந்திரத்துக்குள் செலுத்தி உதைத்தால் அது உயிர்பெறும். அதன்பின் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடும். அவ்வேளையில் அண்ணி கர்ப்பமாக இருந்தாள். வலி எடுக்கும் நாளில் வண்டி கிளம்ப வேண்டும் என்ற ஒரே எண்ணம் அண்ணையை ஆட்கொண்டது. சிகரெட்டை விட்டார். நெருப்புக்குச்சியை பிளேட்டால் இரண்டாகப் பிளந்தார். வேலைக்கு நடந்தே போனார். எதை வாங்கக் கேட்டாலும், அது யாருக்கு உதவும் என்று அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "உது ஆருக்கு?" மிஞ்சிய காசு துளித்துளிப் பெற்றோலாக அந்தப் பென்சிலின் குப்பிக்குள் ஏறியது.

பக்கத்து வளவுக்காரருக்கு இது பெருங்கொண்டாட்டம். எல்லை வேலியை நாங்கள் ஒரு முழம் தள்ளிப் போட்டோம் என்று எங்கள் வீட்டுடன் கதை பேச்சில்லாதவர். ஏளனத்துக்கு மட்டும் அந்த விரதம் பொருந்தாது. "என்ன டொக்டர், நோயாளிக்கு இண்டைக்கும் ஊசியோ?" என்று வேலிக்கு மேலால் கூவுவார். "உங்கடை நாக்குக்கும் ஒண்டு போடலாம், வாங்கோ" என்பார் அண்ணை.

ஒரு நண்பகல், பொம்மர் விமானங்கள் இரண்டு தாழப் பறந்து வந்தன. பதுங்கு குழிக்குள் அண்ணியின் வயிற்றை அம்மா இரு கைகளாலும் மூடிக்கொண்டார். நிலம் எங்களைத் தூக்கி எறிந்தது. வெளியே வந்தபோது பக்கத்துக் கிணற்றடியில் வாழைகள் அறுந்து கிடந்தன. அவற்றின் நடுவே பக்கத்து வளவுக்காரர் கிடந்தார். வலக்கால் முழங்காலோடு போயிருந்தது. எலும்பின் வெண்மை தெரிந்தது. குருதி வாய்க்காலில் இறங்கி வெங்காயப் பாத்திக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி தன் சேலைத் தலைப்பால் அவர் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணை கத்தியை எடுத்தார். வழக்காடிய அந்த வேலியை வெட்டிப் பிளந்து, அவரைத் தூக்கிவந்தார். குப்பியை எடுத்தபோது ஒரு கணம் அண்ணியைப் பார்த்தார். "என்ன பாக்கிறியள்? ஊத்துங்கோ!" என்று கத்தினாள் அவள். அவரை என் மடியில் சாய்த்துப் பின்னால் இருந்தேன். குண்டுக் குழிதோறும் இயந்திரம் நின்றது. நின்றபோதெல்லாம் அண்ணை ஊசியேற்றினார். சூடான குழாயில் குருதி விழுந்து பொசுங்கிய நாற்றம் இன்றும் என் சோற்றில் வரும். குப்பி வற்றியது. ஆஸ்பத்திரிச் சந்தியில் என் மடியிலேயே அவர் உயிரும் அடங்கியது. திரும்பும் வழியெல்லாம் அண்ணை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

செத்தவீட்டுப் பந்தல் கழற்றுமுன்னே அண்ணிக்கு வலி எடுத்தது. ஷெல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன, மாட்டு வண்டிக்காரர் எல்லோரும் வர மறுத்தனர். அப்போது அண்ணை வேலியில் வெட்டிய இடைவெளியான பொட்டால், செத்தவரின் மனைவியான அந்த மாமி வந்தார். கையில் ஒரு போத்தல். அடியில் நாலு விரல் பெற்றோல்.

"இவர் எங்கடை பம்புக்கு எண்டு வைச்சிருந்தவர். உன்னைப் பகிடி பண்ணிப்போட்டு, உள்ளுக்கு வந்து தானும் ஊசியாலைதான் எடுக்கிறவர்."

"உங்கடை வெங்காயம் காஞ்சுபோமே, மாமி?" என்றார் அண்ணை.

"காயட்டும். பிள்ளை காயக்கூடாது. எடு மோனை."

அன்று ஆஸ்பத்திரியில் பிறந்த பெண்பிள்ளை இப்போது என் கேடயங்களை இழுத்து விழுத்துகிறாள்.

'வறுமை மனிதனைத் திருத்துமா?' என்று பின்னொரு நாள் எனக்கு மேடை தந்தார்கள். திருத்தும் என்று நின்றேன், வென்றேன். எதிரணியார் எழுந்து, "அப்படியாயின் குண்டு போட்டவனுக்கும் நன்றி சொல்வீரோ?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் இது: அவையோரே, குண்டு எவரையும் திருத்தியதில்லை. அது ஒரு மனிதனை வாழைக்குள் வெட்டிப்போட்டது, அவ்வளவே. அதன் கீழ் நின்று "உது ஆருக்கு?" என்று கேட்கப் பழகியவர் என் அண்ணை. முன்பு அவர் காசைத் தொலைத்தார், பின்புதான் செலவழித்தார்.

இவ்வாண்டு தடை சற்றே தளர்ந்தது. சவர்க்காரம் வந்தது, சொக்கிலேற்றும் வந்தது; ஊரார் கைகள் செலவுக்குப் பழைய விரைவில் விரிகின்றன. அண்ணை சம்பளம் வாங்கியதும் முதலில் குப்பியை நிரப்புகிறார். பொம்மர் இனி வராது என்று எவரும் எழுதித் தரவில்லை. வெட்டிய வேலியையும் எவரும் அடைக்கவில்லை.

இதை எழுதும் இக்காலையில் நிமிர்ந்து பார்க்கிறேன். ஆணியில் குப்பி இல்லை; அண்ணையையும் காணோம். வேலிப் பொட்டுக்கு அப்பால், மாமியின் வெங்காயத்துக்கு நீரிறைக்கும் பம்ப் இருமத் தொடங்குகிறது.