பதினேழரை மில்லிமீட்டர்

நெவில் ட்ரான்டர் எதைப் பார்த்தாலும் பதினாறால் வகுப்பார். உதடு அசையும், சத்தம் வராது. கடை வாசல், தபால்பெட்டி, சாப்பாட்டு மேசை, மாமியார் என்று எதுவும் தப்பாது. கண்ணாலேயே அளந்து, பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு எண்ணை முணுமுணுத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். மனைவி மோரீன் சரியாகப் பத்து சென்டிமீட்டர். மகள் பெத்தனி பள்ளியில் சேர்ந்தபோது ஏழுக்குக் கொஞ்சம் குறைவு.

"என்னய அளந்து எந்தப் பொட்டியில போடப் போற?" என்று மோரீன் கேட்பாள்.

"நீ எந்தப் பொட்டியிலயும் அடங்க மாட்ட," என்பார் நெவில்.

அவர் செய்யும் மாதிரி ராணுவ டாங்கிகள் நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு. அதனால்தான் இந்தக் கணக்கு. இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் கம்பள ஆலை ஓடிய காலத்தில் அவர் தறி மெக்கானிக். ஆலை மூடியபிறகு ஒரு பெரிய கடையின் கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டினார். மீதிப் பொழுதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில்தான். மாதத்தின் முதல் ஞாயிறு சர்ச் கூடத்தில் மாதிரி டாங்கி மன்றம் கூடும். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மணல் பரப்பி, அட்டையில் வீடுகள் வைத்து, பத்துப் பதினைந்து ஆண்கள் கையில் ரிமோட்டோடு நின்று ஒருவர் டாங்கியை ஒருவர் கண்ணுக்குத் தெரியாத ஒளியால் சுட்டுக்கொள்வார்கள். அடிபட்ட டாங்கி ஒருமுறை குலுங்கி நிற்கும். நின்றதும் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள்.

பெத்தனிக்கு அந்தக் கூடம் பிடிக்காது. ஆனால் அப்பாவின் விரல்கள் பிடிக்கும். ஒரு குண்டூசித் தலையளவு ஆணியை ஒட்டிவிட்டு அவை மூச்சுவிடாமல் காத்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பா வீட்டிலும் சரி, அம்மா வீட்டிலும் சரி, பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். ஷெஃபீல்டில் வரலாறு. நெவில் அதை மன்றத்தில் எல்லோரிடமும் இரண்டு தடவை சொன்னார்.

"அப்ப இனிமே நாம யாரும் வாயத் தொறக்க முடியாதுன்னு சொல்லு," என்றார் மன்றத் தலைவர் டெஸ்மண்ட்.

அவள் ஷெஃபீல்டுக்குப் போன அந்த அக்டோபரில், 2007இல், மன்றம் ஊருக்கெல்லாம் கதவைத் திறந்துவைத்தது. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி வாசனைக்கு வந்தவர் வில்ஃப் க்ரம்ப்டன். நெவில் வீட்டிலிருந்து நாலாவது வீடு. வயது எண்பத்துநாலு. ரொட்டியை மென்றுகொண்டே மேசையைப் பார்த்தவர், நெவிலின் ஷெர்மன் டாங்கி மணலில் திரும்புவதைக் கண்டு மெல்லுவதை நிறுத்தினார்.

"இத நான் ஓட்டியிருக்கேன்."

"இதயா?"

"இத இல்லப்பா. பெருச. நீளக் குழல் வச்சது. ஃபயர்ஃப்ளைன்னு சொல்வாங்க. பேரு செவர்ன். ரெண்டாம் போர்ல, நார்மண்டியில ஓட்டுனேன்."

இருபது வருடமாக வாரம்தோறும் நெவில் இழுத்துவரும் அதே நாளில் தன் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவந்த மனிதர். ஒருநாள்கூட இதைச் சொன்னதில்லை. நெவில் ரிமோட்டை மேசையில் வைத்தார்.

"வில்ஃப், உங்க செவர்ன நான் செஞ்சு தரேன். நீங்களே ஓட்டுங்க."

"நெசமாவா? எப்ப?"

"சரியா வரும்போது."

"எனக்கு எண்பத்துநாலு வயசுப்பா. கொஞ்சம் சுமாரா வந்தாலும் பரவால்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நெவில் சிரிக்கவில்லை என்று டெஸ்மண்ட் பின்னால் பெத்தனியிடம் சொன்னார்.

அடுத்த வாரம் நெவில் மகளுக்குப் போன் செய்தார். ஃபயர்ஃப்ளையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரண ஷெர்மன் உடலில் கட்டியது. மற்றது நீள உடலில் கட்டியது, நிஜ வண்டியில் இருபத்தெட்டு சென்டிமீட்டர் அதிகம். வில்ஃப் இருந்த படைப்பிரிவுக்கு எது வந்தது?

"நீதான் சரித்திரம் படிக்கிற. பாத்துச் சொல்லு பெத்."

அவளுடைய விடுதியில் எல்லோருக்கும் ஆசிரியர்களும் வக்கீல்களும் அப்பாக்கள். சாப்பாட்டு மேசையில் 'ஆதாரம்' என்ற சொல்லை அவர்கள் உப்பைக் கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்கள். அவளும் அப்போதுதான் அதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு கேள்வி கேட்டதில் அவளுக்குக் கொள்ளை சந்தோஷம். நூலகத்தில் படைப்பிரிவின் வண்டிப் பட்டியலைக் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்தாள்.

"நீள வகைப்பா. பட்டியல்லயே இருக்கு. சந்தேகமே இல்ல."

சந்தேகமே இல்லை என்று ஏன் சொன்னோம் என்பதைப் பிறகு பல வருடம் அவள் யோசித்தாள்.

இருபத்தெட்டைப் பதினாறால் வகுத்தால் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர், அதாவது பதினேழரை மில்லிமீட்டர். நெவில் ஷெர்மன் பாகங்கள் அடங்கிய புதுப் பெட்டியைப் பிரித்து, மெல்லிய ரம்பத்தால் டாங்கியின் உடலைக் குறுக்கே இரண்டாக அறுத்தார். நடுவில் பிளாஸ்டிக் தகடு வைத்து இழைத்தார். சக்கரக் கூட்டங்களைத் தள்ளிப் பொருத்தினார். சங்கிலிப் பட்டைக்குக் கூடுதல் கண்ணிகள் வேண்டியிருந்தன. கியர் பாக்ஸ் உட்காரவில்லை, அதன் தாங்கியை மூன்று முறை செய்தார். முதல் ஓட்டத்தில் பல்சக்கரம் உரிந்தது, இரண்டாவதில் பட்டை கழன்றது. பதினெட்டு மாதம் போயிற்று. மன்றத்தில் எல்லா மாதமும் ஒரே கேலிதான்.

"நெவில், போரே ஆறு வருஷத்துல முடிஞ்சுடுச்சு."

2009 ஈஸ்டர் விடுமுறைக்குப் பெத்தனி வந்திருந்தபோது வண்டி ஓடியது. வர்ணம்தான் பாக்கி. நெவில் வில்ஃபைக் கொட்டகைக்கு அழைத்துவந்தார். பெத்தனி டீ கொண்டுபோனாள். வில்ஃப் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த ஏழு கிலோ வண்டியை மடியில் வாங்கி, குழந்தை முகம் பார்ப்பதுபோல் முன்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"யாரோட டாங்கிப்பா இது?"

"உங்களுதுதான், வில்ஃப்."

"எங்களுது மூக்கு இப்படித் தட்டையா இருக்காதே. உருண்டையா இருக்கும், தலகாணி கணக்கா. இது நீளமும் ஜாஸ்தி. நீள வண்டிய ஜூலையிலயே அடிச்சுப் போட்டானுங்க. நான் வந்து சேந்தது ஆகஸ்ட்ல. எனக்குக் குடுத்தது குட்டை வண்டி."

டீக் கோப்பையோடு நின்ற பெத்தனிக்கு உள்ளங்கை சுட்டது. அவள் பார்த்த பட்டியல் ஜூன் மாதத்தது. வில்ஃப் எந்த மாதம் போய்ச் சேர்ந்தார் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மறந்திருக்கலாம்ல மிஸ்டர் க்ரம்ப்டன்? அறுபத்தஞ்சு வருஷம் ஆச்சு," என்றாள். முந்தின நாள்தான் அவர் வண்டி எண்ணைப் பதினாலு என்றும் நாற்பத்தொன்று என்றும் மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தார்.

"நம்பர் மறக்கும் பாப்பா. மூக்கு மறக்காது. அதுமேல உக்காந்துதான் சாப்பிட்டேன்."

எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னோடு திரும்பினார். உள்ளே ஒரு போட்டோ. இருபத்தொரு வயது வில்ஃப், கையில் தகரத் தட்டு, டாங்கியின் உருண்டை மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"இத ஏன் காட்டவே இல்ல?" என்றாள்.

"யாரு கேட்டா?"

நாலாவது வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. அவள் ஷெஃபீல்டுக்குப் போய்த் தேடியிருக்கிறாள். பெட்டியில் வந்த டாங்கியின் நீளம் முதலிலேயே சரியாகத்தான் இருந்தது. அறுக்காமல் மூக்கை மட்டும் உருட்டியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

நெவில் போட்டோவைப் பார்த்தார். மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு வில்ஃபிடம், "என் தப்புதான். நான் சரியா விசாரிக்கல," என்றார்.

அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வில்ஃப் போனபிறகு வேறொன்றைச் சொன்னாள்.

"அப்பா, ஓடுற வண்டிதானே. இதயே அவருகிட்டக் குடுங்க. ஓட்டட்டும்."

"இது செவர்ன் இல்ல பெத்."

"அவருக்கு எண்பத்தாறு ஆகப்போகுது!"

"அதனாலதான் தப்பானதக் குடுக்கக் கூடாது. இன்னொண்ணு செஞ்சு மாத்தித் தர அவருக்கு நேரம் இருக்காது."

தறியில் ஒரு நூல் பிசகினால் முப்பது கஜம் கம்பளத்தையும் ஒதுக்கிவைத்துப் பழகிய மனிதர். அவள் கோபத்தோடு கோப்பைகளைக் கழுவினாள், அதில் ஒன்றை உடைத்தாள்.

நெவில் இன்னொரு பெட்டி வாங்கினார். இந்த முறை எல்லாவற்றையும் கேட்டே செய்தார். அதுவே புதுத் தொல்லை ஆயிற்று. போட்டோவில் மூக்கின் முக்கியமான இணைப்பை வில்ஃபின் கால் மறைத்திருந்தது.

"உங்க பூட்ஸுக்குக் கீழ என்ன இருந்துச்சு, வில்ஃப்?"

"பூட்ஸுக்குள்ள கால் இருந்துச்சு. கீழ என்ன இருந்துச்சோ, நான் எங்க கண்டேன்?"

பட்டி வைத்து மூக்கை உருட்டினார். காய்ந்ததும் வெடித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி வைத்தார். ஒரு பக்கம் கொழுத்தது, சுரண்டினார். மறுபக்கம் மெலிந்தது. குழல் மட்டும் அழகாக அமைந்தது. எதிரி நீளக் குழலைத் தேடிச் சுடுவான் என்பதால் குழலின் முன்பாதிக்கு அடியில் வெள்ளை பூசி, தூரத்திலிருந்து குட்டையாகத் தெரியும்படி செய்வார்கள். செவர்னுக்கு வெள்ளையடித்தது வில்ஃப்தான். "அந்த வெள்ளைய நானே அடிக்கிறேன்பா," என்றார். சரி என்று நெவில் குழலை வெள்ளையில்லாமல் விட்டுவைத்தார்.

2010 ஜூலையில் பெத்தனி பட்டம் வாங்கினாள். மோரீன் தொப்பி வாங்கி அணிந்து வந்தாள். பட்டத்தைச் சட்டம் போட்டுத் தரும் மேசை மண்டபத்திலேயே இருந்தது. நெவில் அதைக் கையில் வாங்கினார். அகலத்தின்மேல் கண் ஓடியது. உதடு அசைந்தது. பழக்கதோஷத்தில் இந்த முறை சத்தமும் வந்துவிட்டது.

"இருபத்தெட்டு. பதினேழரை மில்லி..."

நிறுத்திக்கொண்டார். இருவருக்கும் அந்த எண் தெரியும். காது சிவந்துபோய், "நல்ல சட்டம். உறுதியா இருக்கு," என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று பெத்தனிக்கு இருந்தது. திட்டினால் பதிலுக்குச் சண்டை போடலாம். அந்தப் பட்டத்தை அவள் இன்றுவரை சுவரில் மாட்டவில்லை.

2013 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிடங்கில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய நெவில், இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தார், எழவில்லை. வயது அறுபத்தொன்று. சவப்பெட்டி சர்ச்சுக்குள் வந்தபோது பெத்தனி தன் உதடு அசைவதை உணர்ந்தாள். நூற்றுத்தொண்ணூற்றிரண்டு. பன்னிரண்டு.

கொட்டகையில் செவர்ன் பாதியில் நின்றது. மூக்கின் இடப்பக்கம் இழைத்திருந்தது, வலப்பக்கம் பட்டி கரடாக இருந்தது. அவள் உப்புத்தாளை எடுத்து அரைமணி தேய்த்தாள். பெரிதாக ஒரு குழி விழுந்தது. உட்கார்ந்து அழுதாள். அப்பாவுக்காக அழுகிறாளா, குழிக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் முடிச்சுத் தரேன்," என்றார் டெஸ்மண்ட். கேட்டுப் பார்க்க அவரே வில்ஃபிடம் போனார். "நெவில்தானே சொன்னான்," என்று கதவைச் சாத்திவிட்டாராம் கிழவர்.

ஏப்ரலில் பெத்தனி நீள வண்டியை எடுத்தாள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினாள். வில்ஃப் வீட்டு வாசல் பாதையில் இறக்கி வைத்து மணியடித்தாள். கிழவருக்குத் தொண்ணூறு முடிய இரண்டு மாதம். கைத்தடியோடு வந்தார். அவள் ரிமோட்டை நீட்டினாள்.

"ஓட்டுங்க மிஸ்டர் க்ரம்ப்டன்."

அவர் வாங்கினார். இரண்டு கட்டைவிரலையும் குச்சிகள்மேல் வைத்தார். அழுத்தவில்லை. வண்டியைப் பார்த்தார்.

"இது அந்த நீள வண்டி."

"ஆமா. ஓடும். நல்லா ஓடும்."

"உங்கப்பன் இதக் குடுக்க மாட்டேன்னானே."

"அப்பா இல்ல. நான் குடுக்குறேன்." பிறகு நாலு வருடமாக விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னாள். "அந்தத் தப்பு அப்பாவோடது இல்ல. நீளம்னு சொன்னது நான். உங்ககிட்டக் கேக்காம புத்தகத்தப் பாத்துச் சொல்லிட்டேன்."

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்பு வரும் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ.

"அப்ப ரெண்டு பேரும் எனக்குத் தரணும்," என்று சொல்லி ரிமோட்டைத் திருப்பி அவள் கையில் வைத்தார்.

"ஒரு தடவ ஓட்டுனா என்ன? யாருக்கு நஷ்டம்?" அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

"இத ஓட்டிட்டா அவன் குடுத்த வாக்கு தீந்துபோயிரும் பாப்பா. சரியா வரும்போது தரேன்னான். இன்னும் வரல. நான் அவன விடுறதா இல்ல."

அவள் ஏழு கிலோவைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு நடந்தாள். அப்பா செவர்னுக்கென்று செய்துவைத்த மரப்பெட்டியில் அதை வைத்துப் பார்த்தாள். மூடி சேரவில்லை.

இப்போது காலையில் பெத்தனி பேருந்துக்குப் போகும்போது நாலாவது வீட்டுச் சன்னலில் வில்ஃப் நிற்கிறார். அவளைக் கண்டதும் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தி, குச்சியைத் தள்ளுவதுபோல் மேலும் கீழும் ஆட்டுகிறார். பார்ப்பவர்கள் வணக்கம் என்று நினைப்பார்கள். நெவில் ட்ரான்டர் தரவேண்டிய ஒரு ஓட்டம் இன்னும் வந்து சேரவில்லை என்பதைத்தான் அவர் சொல்கிறார்.