படம் நடுங்கிய இடம்

மலாயாவின் சுங்காய் கடைத்தெருவில் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தபோது மாட்டுவண்டிக்காரர் ஒருவர் என்னருகே வண்டியை நிறுத்தினார். "ஒங்க இமயமலைக்காரரு போயிட்டாரு, அண்ணே. காய்ச்சலாம்" என்றார். கருவாட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்தேன்.

அந்த இமயமலைக்காரர் சடையனை நம் தோட்டத்தார் எல்லாரும் அறிவீர்கள். பல காலம் என் பக்கத்து நிரையில் ரப்பர் பால்மரம் சீவியவர். மலாயாவுக்கு வருமுன் சென்னையில் ஒரு துரையிடம் சமையல்காரராக இருந்தார். பயாஸ்கோப் படம் பிடிக்க இமயமலைக்குப் போன அந்தத் துரை, இவரையும் அழைத்துப் போனார். படப்பெட்டி காற்றில் சாயாமல் அதன் முக்காலியைக் கட்டிப் பிடித்துக்கொள்வதும் அங்கே இவர் வேலை. ஒரு நாள் குளிரில் உடம்பு நடுங்க, முக்காலியும் நடுங்கித் துரையிடம் வசவு வாங்கினாராம். இதை அவர் சொல்லாத நாளில்லை.

யாரும் நம்பவில்லை. "அங்க தண்ணி கொதிக்கும், அரிசி மட்டும் வேகாது" என்று அவர் சொன்னபோது, சமைக்கத் தெரியாதவன் சொல்லும் சாக்கு என்று லயமே சிரித்தது. அவர் மனைவி முத்தம்மாவைக் குழாயடியில் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். "ஒம் புருசன் இன்னிக்கு எந்த மலையில?" என்பார்கள். சடையன் மலைப் பேச்சை எடுத்தாலே அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விடுவார். ஊர் சிரித்ததைச் சடையன் பொருட்படுத்தவில்லை. என்னிடம் சொன்னது இதுதான்: "அவ ஒரு தடவ நம்பிட்டாப் போதும், அண்ணே. பொறவு நான் வாயே தெறக்க மாட்டேன்."

ஒரு நாள் சுங்காய் ரயிலடிச் சுவரில் ஒரு பட விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. அதில் இருந்த தாடிக்காரர் தம் துரைதான் என்று சடையன் துள்ளினார். படம் ஈப்போவில் ஓடியது. ஓய்வு நாளில் நாங்கள் ஒரு கூட்டமாக ரயிலேறினோம். முத்தம்மாவும் வந்தார். வழி நெடுக அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் பனி வந்தது, சடைமாடுகள் வந்தன, மூட்டை சுமப்பவர்கள் வந்தார்கள். முகம் முகமாகத் தேடினோம். சடையன் எதிலும் இல்லை. "நீ அடுப்படியிலேயே இருந்திட்டியாலா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். முத்தம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

வெள்ளைச் சரிவில் ஆட்கள் எறும்பு வரிசையாக ஏறினார்கள். திடீரென்று மலை நடுங்கியது. ஆட்களும் வானமும் சேர்ந்து நடுங்கின. சிரிப்பு நின்றது.

"இந்தா, இதுதான் நான்" என்றார் சடையன், மெதுவாக.

முத்தம்மா முந்தானையை விலக்கித் திரையைப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"அவ்ளோ குளிருச்சா?"

சடையன் தலையை ஆட்டினார். வாயே திறக்கமாட்டேன் என்றிருந்தவரைத் திரும்பும் ரயிலில் அந்த அம்மாள் விடவில்லை. அரிசி ஏன் வேகவில்லை என்பதுவரை கேட்டார்.

இந்த வயதில்தான் நான் எழுதக் கற்றேன். முதலில் என் பெயர், அடுத்துச் சடையன் பெயர். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. இதை அச்சில் காணும்போது எழுத்துகள் நேராக நிற்கும். என் தாளில் ஒவ்வொன்றும் நடுங்குகிறது. முன்பு அதற்கு வெட்கப்பட்டேன். நேற்று அதுவரை எழுதிய தாளை முத்தம்மாவிடம் கொண்டுபோய், அவர் கணவர் பெயரைத் தொட்டுக் காட்டினேன். பிறகு என் கோணல் எழுத்துகளைக் காட்டி, கொட்டகையில் சடையன் சொன்னதையே சொன்னேன்:

"இந்தா, இதுதான் நான்."