மேட்டில் நின்ற லொறி

எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க நான் முட்டுக் கொடுத்திருப்பது ஒரு லொறிக் கட்டை. பழைய தேயிலைச் செடியைத் தூரோடு பிடுங்கிய காலத்தில் அதன் அடிமரத்தில் செதுக்கியது. ஒன்றரைச் சாண் நீளம், ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் சரிவு. தடித்த பக்கத்தில் துளை போட்டுக் கயிறு கோர்த்திருந்தது. கயிறு எப்போதோ இற்றுப் போய்விட்டது. வருகிறவர்கள் காலை இடித்துக்கொண்டு, "இதத் தூக்கி அடுப்புல வைங்களேன்" என்பார்கள். வைப்பேனா? என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷம் லொறியோடு கிடந்து கொண்டுவந்தது இது ஒன்றுதான். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இருந்தபோது சொல்லாத பெயரைப் போன பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது? 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வதற்கு அதில் ஒரு பிடி மண்கூட எங்களுக்குக் கிடையாது, பேச்சுக்குச் சொல்கிறேன். நான் கொழுந்து பறித்தேன். அவர் தோட்டத்து லொறியில் கிளீனர். ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றித் தலவாக்கலை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, அரிசி மூட்டையோடு திரும்பி வரும் லொறி அது. எங்கள் மலைப்பாதையில் ஒரு கல் தூரம் நேராகப் போக முடியாது. முடக்குக்கு முடக்கு லொறியை நிறுத்தி, பின்வாங்கி, மறுபடி ஏற்ற வேண்டும். கை பிரேக்கை நம்பினால் பள்ளத்தில்தான் தேட வேண்டும். அதனால் வண்டி ஏற்றத்தில் நின்ற அந்த நொடியே கிளீனர் குதித்துப் பின் சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைக்க வேண்டும். வைத்துவிட்டு லொறியின் பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டி "ரைட்!" என்று குரல் கொடுத்தால்தான் டிரைவர் வண்டியைக் கிளப்புவார். கிளம்பியதும் கயிற்றோடு கட்டையை இழுத்துக்கொண்டு ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். மழையிலும் பனியிலும் அதுதான் அவர் பிழைப்பு.

லொறியை ஓட்டியவரை எல்லாரும் டிரைவரண்ணன் என்போம். நல்ல மனுஷர், ஆனால் வாய் மட்டும் மிளகாய். "டேய், சக்கரம் நின்னா உன் கால் தரையில இருக்கணும்டா! நெனச்சிக்கிட்டு நிக்காத, நெனைக்கிறதுக்குள்ள மோசம் போயிரும்" என்று அவரை ஓயாமல் திட்டுவார். திட்டினாலும் தோட்டத்து ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொடுத்து ஓட்ட விட்டவரும் டிரைவரண்ணன்தான். அஞ்சாறு வருஷத்தில் என் வீட்டுக்காரர் நன்றாகவே ஓட்டினார். லைசன்தான் இல்லை.

அந்த வருஷம் டிரைவரண்ணன் இந்தியாவுக்கே குடிபோவதென்று முடிவாயிற்று. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தொரை சொன்னதைச் சொன்னார். மாதக் கடைசிக்குள் லைசன் எடுத்தால் லொறி அவருக்கு, ஃபெக்டரிக்குப் பக்கத்தில் டிரைவர் குவாட்டர்ஸும் அவருக்கு. எடுக்காவிட்டால் டவுனிலிருந்து புது டிரைவர் வருவான், வருகிறவன் தன் கிளீனரையும் கூட்டிக்கொண்டுதான் வருவான். அது லொறிக்காரர்கள் வழக்கம். அப்படியானால் அவர் மலைக்குத்தான் போக வேண்டும், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்ட. சோதனைக்கு லொறி ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். வேலையை நிறுத்தி இரண்டாம் தடவை லொறி தருவதற்குத் தோட்டமென்ன தர்மசத்திரமா என்று தொரை கேட்டாராம்.

அப்போது நாங்கள் இருந்தது வரிசை வீட்டில் ஒற்றை அறை, லயத்துக் காம்பரா என்போம். எப்படி என்றால், அடுப்புக்கு ஒரு மூலை, விறகுக்கு ஒரு மூலை, மீதியில் நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் மூன்று, அவருடைய சித்தப்பா. ஒருவர் திரும்பிப் படுத்தால் எல்லாரும் திரும்ப வேண்டும். பக்கத்துக் காம்பராவில் இருமினால் எங்கள் வீட்டில் விளக்கு நடுங்கும். குவாட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு ஜன்னல். கொழுந்து நிறுக்கப் போகும்போதெல்லாம் அந்த ஜன்னலைத்தான் பார்ப்பேன். ஆசை வெட்கம் அறியாது என்பார்களே, அந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

சோதனையில் முதலில் வண்டியைச் சுற்றி வந்து எதை எதைப் பார்க்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகுதான் ஓட்டிக் காட்டுவது. கிளாக்கரையா அதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை போனவள். சாயங்காலம் அடுப்பு வெளிச்சத்தில் நான் வாசிப்பேன், அவர் சொல்வார். வண்டி வேண்டுமே? அரிசிச் சாக்கை நடுவில் வைத்து, பிள்ளைகளை விறகு மேல் ஏற்றிவிட்டு அதைச் சுற்றுவோம். ரேடியேட்டரில் தண்ணீர். எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பது. காற்றாடிப் பட்டியைப் பெருவிரலால் அமுக்குவது. சக்கரத்து நட்டைத் தட்டிக் காது கொடுப்பது. அவர் கைக்கு எல்லாம் தெரியும். வாய்தான் வராது. சாக்கைத் தொட்டுவிட்டு, "பாத்தாச்சு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்னத்தப் பாத்தீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க. அங்க வர்றவுங்களுக்கு உங்க மனசா தெரியும்?" பக்கத்துக் காம்பராவிலிருந்து சுவர் வழியே, "என்னக்கா, லொறி இன்னும் கெளம்பலையா?" என்று சிரிப்பார்கள்.

தாளின் கடைசியில் ஒரு வரி இருந்தது. ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னால் கை பிரேக் போட்டு, ஆசனத்தை விட்டு எழும்பாமல், வண்டி பின்னால் நகராமல் மறுபடி கிளப்ப வேண்டும் என்று. நான் அதை வாசிக்கத் தொடங்கியதுமே அவர் சிரித்துவிட்டார். "அத விடு புள்ள. பன்னண்டு வருசமா மேட்டுலதானே பொழப்பு நடத்துறேன். மேட்டப் பத்தி எனக்கே பாடமா?" நானும் சிரித்து, அதை விட்டுவிட்டேன். விளக்கில் எண்ணெய் குறைவு, பிள்ளைகளுக்குத் தூக்கம், எனக்கும் அலுப்பு. அந்த ஒரு வரியைத் தாண்டித் தாளை மடித்து வைத்தேன்.

சோதனை நுவரெலியாவில். "நீ வா, நீ நின்னா எனக்கு மறக்காது" என்றார். பல்வலி என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு லொறியில் ஏறினேன். டிரைவரண்ணனும் வந்தார். சோதிக்க வந்த பெரிய மனுஷரை எல்லாரும் மாத்தியா என்றார்கள். சிங்களவர், கோட்டும் கழுத்துத் துணியுமாக இருந்தார், முகம் கடுகடுப்பில்லை. மாத்தியா சிங்களத்தில் கேட்க, என் வீட்டுக்காரர் கடைவீதிச் சிங்களத்தில் பதில் சொன்னார். தண்ணீர், எண்ணெய், பட்டி, நட்டு, டயர், விளக்கு, ஹோர்ன், ஒன்றும் தப்பவில்லை! பின் சக்கரத்தில் ஒரு நட்டு லேசாகத் தளர்ந்திருந்ததைத் தட்டின சத்தத்திலேயே கண்டு முறுக்கினார். மாத்தியா தலையை ஆட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. திரைக்கு நீலம்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பிறகு மாத்தியாவும் அவரும் ஏறிப் போனார்கள். நாங்கள் கீழே ரோட்டோரத்தில் நின்றோம். எதிரே ஏறுகிற பாதை நன்றாகத் தெரிந்தது. லொறி இரைந்துகொண்டு பாதி மேடு ஏறியது. மாத்தியா நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சுத்தமாக நின்றது, ஒரு விரற்கடை பின்னால் வரவில்லை. "சபாஷ்" என்றார் டிரைவரண்ணன். அவர் வாய் மூடுவதற்குள் லொறிக் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் குதித்தார். பின்னால் ஓடி, கொக்கியில் தொங்கிய கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். நிமிர்ந்து பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டினார்.

"ரைட்!"

லொறி கிளம்பவில்லை. டிரைவர் ஆசனத்தில் யார் இருக்கிறார்கள், கிளப்புவதற்கு? பலகையில் வைத்த கையை எடுக்காமல் அவர் நின்றார். கீழே நின்ற எங்களுக்கே தெரிந்தது, அவருக்கு அப்போதுதான் விளங்கியது என்று. டிரைவரண்ணன் தலையில் கை வைத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நின்னா குதின்னு திட்டித் திட்டி என் வாயால கெடுத்தேனே" என்றார். மாத்தியா இறங்கி வந்து திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. "இவன் கையில் லொறி பத்திரம்தான். ஆனால் ஓட்டுகிறவனே இறங்கிவிட்டால் நான் என்னவென்று எழுதுவது?" என்று டிரைவரண்ணனிடம் சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டு போனார்.

திரும்பும்போது டிரைவரண்ணன் எவ்வளவோ கூப்பிட்டும் அவர் முன்னால் ஏறவில்லை. பின்னால் தன் இடத்தில் நின்றுகொண்டார். நான் வெறும் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "எத்தன ஜென்மம் எடுத்தாலும் நீங்க கிளீனருதானா?" அடுத்த முடக்கில் வண்டி நின்றது. அவர் குதித்தார், கட்டை வைத்தார், தட்டினார், "ரைட்" என்றார். அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் தாங்க முடிவதில்லை.

மாதம் முடிந்ததும் புது டிரைவர் வந்தான், கூடவே அவன் கிளீனரும், அவன் கட்டையும். பழைய கட்டையை ஃபெக்டரி வாசலில் எறிந்திருந்தார்கள். அவர் எடுத்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனார். எங்கள் மலையிலிருந்து ரோடு தெரியாது, லொறிச் சத்தம் மட்டும் கேட்கும். கியர் மாறும் இடத்தில் அவர் கத்தி நிற்கும். கங்காணி கத்துவார். சத்தம் மறையும் வரை அவர் குனிய மாட்டார். சாகும் வரை அந்தத் தோட்டம்தான், அந்தக் காம்பராதான். அந்த வரியை நான் வாசிக்காமல் விட்டதைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

இப்போது மகன் டவுனில் கட்டிய வீட்டில் இருக்கிறேன். ஜன்னல் நாலு, திரை நீலம். சாயங்காலம் காற்று எழும்பும்போது கட்டையைக் காலால் தள்ளிக் கதவுக்கு அடியில் கொடுக்கிறேன். அந்தத் தாள் மனப்பாடம். நான் விட்ட வரியைத்தான் முதலில் சொல்கிறேன், வாய்விட்டு, அவர் எதிரில் நிற்கிற மாதிரி. ஏங்க, எறங்காதீங்க. நீங்கதான் டிரைவர், எறங்காம அப்படியே உக்காந்திருங்க.