தொகாஷியின் பின்கதவு

வலது கையில் அகப்பை. முதலில் இடது கையைக் கழுவ வேண்டும், அப்புறம் வலது கை, அப்புறம் வாய். சொட்டுத் தண்ணீர் இல்லாத மூங்கில் அகப்பையை வைத்துக்கொண்டு தொகாஷி இதைச் செய்துகாட்டுவார். எதிரே அவர் டாக்சியில் வந்திறங்கிய பயணிகள் பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையாக நிற்பார்கள்.

"நடுவுல நடக்காதீங்க, அது சாமி போற வழி. ஓரமாப் போங்க. ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டி, மறுபடி ஒரு தடவை குனியணும். நல்லா சத்தமாத் தட்டுங்க. எங்க சாமிக்கு வயசாயிடுச்சு."

எல்லாம் கோயிலின் தோரி என்கிற நுழைவாயிலுக்கு வெளியேதான். பயணிகள் உள்ளே போவார்கள், இவர் கல்தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுகொள்வார். எதிர்க்கடையில் மூங்கில் இலைக் கொழுக்கட்டை விற்கும் நான் இதைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொகாஷிக்கு வயது அறுபத்தொன்பது. வெள்ளைக் கையுறையைத் தினமும் துவைத்து மாட்டுவார். இருக்கை உறைகளுக்கு அவரே இஸ்திரி போடுகிறார், அதனால் மடிப்பு கோணலாக இருக்கும். பின்கதவை யாரும் கையால் தொட்டுவிடக் கூடாது. தன் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள நெம்புகோலை இழுத்து அவர்தான் திறப்பார், அவர்தான் மூடுவார். வெளிநாட்டுக்காரர்கள் பழக்கதோஷத்தில் கைப்பிடியை இழுத்தால், "கதவு என் வேலை. கும்பிடுறது உங்க வேலை" என்பார்.

"நீ மட்டும் எப்ப உள்ள போய்க் கும்பிடப்போற?" என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டுவிட்டேன். அவர் கொழுக்கட்டையின் இலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கக் கூடாது. காரணம் எனக்குத் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அப்பா இறந்தார். சாவுத் தீட்டு ஐம்பது நாள், அதுவரை வீட்டில் யாரும் தோரியைத் தாண்டக் கூடாது. முப்பத்தொன்பதாவது நாள் அவர் மனைவி ஃபுமியேயை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் வயிற்றில் ஆபரேஷன். போகிற வழியில் வண்டி இங்கே நின்றது. ஃபுமியே பின் இருக்கையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே பேசிக்கொண்டதைத் தொகாஷி பிற்பாடுதான் என்னிடம் சொன்னார்.

"ரெண்டே நிமிஷம். கும்பிட்டுட்டு ஓடி வந்துடுறேன்."

"இன்னும் பதினோரு நாள் இருக்கு ஃபுமியே. நீ தேறி வா, சேர்ந்தே வருவோம்."

நெம்புகோலை அவர் இழுக்கவில்லை. உள்ளிருந்து கையாலும் திறக்கலாம்தான், ஆனால் அவர் திறக்காத கதவை ஃபுமியே திறக்கவில்லை. நான் கடையில் நின்று பார்த்துக்கொண்டுதானிருந்தேன். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், நானும் அசைத்தேன். இறங்கிப் போய் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுப்பில் நீராவி வந்துகொண்டிருந்தது, போகவில்லை. மூன்றாம் நாள் அவள் உடல்தான் வீடு திரும்பியது.

அவளுக்கான ஐம்பது நாளும் முடிந்து தொகாஷி உள்ளே போனபோது, பூசாரி இகராஷி விஷயத்தைக் கேட்டுத் திகைத்துவிட்டார். "ஒரு குரல் குடுத்திருக்கலாமேப்பா. அவசரம்னா தீட்டுக் கழிச்சு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு வழி இருக்கு. நானே கார்கிட்ட வந்திருப்பேனே." நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். அன்றைக்கு வெளியே வந்தவர் அப்புறம் தோரியைத் தாண்டவில்லை.

போன மாதம் நகோயாவிலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். தொகாஷி வழக்கம்போல அகப்பையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நான் உள்ள போகக் கூடாதுங்க. அம்மா தவறி இருபது நாள்தான் ஆகுது."

"அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு தூரம்?"

"வியாழக்கிழமை பையனுக்கு இதயத்துல ஆபரேஷன். இந்தச் சாமிகிட்ட வேண்டித்தான் அவன் பொறந்தான். வெளியில நின்னாவது பாத்துட்டுப் போயிடலாம்னு..."

தொகாஷியின் கையிலிருந்து அகப்பை நழுவியது. அதை எடுக்கவும் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத குரலில் கத்தினார். "இகராஷி ஐயா. ஐயா. கொஞ்சம் வாசலுக்கு வாங்க." சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

இகராஷிக்கு இப்போது எண்பது. வெள்ளைக் காகிதப் பட்டைகள் கட்டிய கோலைத் தூக்கிக்கொண்டு மெல்ல வந்தார். அந்தப் பெண்ணின் தலைக்குமேல் இடமும் வலமுமாக வீசி மந்திரம் சொன்னார். "இனி வரலாம்மா" என்று அவளை முன்னால் அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"நீயும் வாயேன் தொகாஷி."

"வண்டி ரோட்டுல நிக்குதுங்க ஐயா."

வண்டி ஓரமாக, நிறுத்த வேண்டிய இடத்தில்தான் நின்றது. இகராஷி உள்ளே நடந்தார். இந்த முறை கடையைப் போட்டது போட்டபடி விட்டு இறங்கினேன். ஆனால் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டேன்.

தொகாஷி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, கண்ணாடியைப் பார்க்காமல், திரும்பியும் பார்க்காமல், நெம்புகோலை இழுத்தார். யாருமில்லாத பின் இருக்கையின் கதவு தோரியைப் பார்த்துத் திறந்தது. கோயிலுக்குள்ளிருந்து இரண்டு கைதட்டல் கேட்கும்வரை அதை அவர் மூடவில்லை.