வீட்டின் இன்னொரு அறை

செய்தி வந்தபோது நான் வெம்பாக்கத்தில் என் நிலத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். மண் அள்ளப் பொக்லைன் வந்திருந்தது. போனில் ஸ்டெல்லா மேடத்தின் தம்பி. "அக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே" என்றார். ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.

ஆரணியில் வீடு கட்டிய உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். என் அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வீட்டுப் பிளான் போட்டவர். ஒவ்வொரு பிளானிலும் கீழ் மூலையில் புள்ளிக்கோட்டால் ஒரு கட்டம் வரைவார். அந்த வீட்டுச் செங்கல்லுக்கு எவ்வளவு மண் வெட்டுவார்கள், எவ்வளவு பெரிய குழி விழும் என்று கணக்குப் போட்டு, வீட்டை வரைந்த அதே அளவுகோலில் வரைவார். வரையச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பட்டு வியாபாரி ஒருவர், வாஸ்துவுக்காகப் பூஜை அறையை மூன்று முறை மாற்றச் சொன்னவர், அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து இது என்ன என்றார். மேடம் நிமிராமலே, "இதுவும் உங்க வீட்டு ரூமுதாங்க. வேற ஊர்ல இருக்கும், அவ்ளோதான்" என்றார். வந்தவர் முகம் சுருங்கிவிட்டது. நான் அசடு வழியச் சிரித்து, கட்டத்தை அழித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. அவர் வரைவார், நான் அழிப்பேன். அதற்காக ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

பிழைக்கத் தெரியாதவர் என்று அலுத்துக்கொள்வேன். நாற்காலிக் கால் ஆடினால் ஆணி அடித்துத் தருவாரே தவிர, புதிது வாங்க விடமாட்டார். அந்த ஆணியில் என் வேட்டி இரண்டு முறை கிழிந்தது. புதுப் பட்டுப்புடவை கட்டியவர்களிடம் சாயத் தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று விசாரிப்பார். கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வியா அது?

நான் சொந்த வீடு கட்டியபோது, நிலத்தில் பாதிக்கு மூன்றடி மேல்மண்ணைச் சூளைக்குக் கொடுத்துச் செங்கல்லாக வாங்கினேன். சொந்த மண்ணில் சுட்ட கல் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தேன். அவர் மட்டும், "மேல்மண்ண குடுக்காதீங்க சார். அது சேர எத்தினி காலம் ஆச்சோ. பேஜாராப் பூடும்" என்றார். நான் கேட்கவில்லை. இப்போது அந்தப் பாதியில் மழைத் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. நட்ட நெல் மஞ்சளித்து அழுகிப்போனது. மூன்று போகம் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் மகள் மாடியில் ஒரு வீடு கட்டித் தரச் சொன்னாள். புத்தி வரவில்லை எனக்கு. மீதிப் பாதி மண்ணையும் சூளைக்குப் பேசி முடித்தேன். பொக்லைன் வந்தது அதற்குத்தான். மாடிக்குப் பிளான் போட்டதும் மேடம்தான், உடம்புக்கு முடியாமல் சேவூரில் தன் வீட்டிலிருந்தபடி. வாங்கப் போனேன். மூலையில் கட்டம் இருந்தது. "அழிச்சிக்கோங்க சார். நான் வரைஞ்சிகினுதான் இருப்பேன்" என்று சிரித்தார். என் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாளமுடியவில்லை.

அடக்கத்தன்று ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். மிச்சத்தை ஆட்கள் மண்வெட்டியால் தள்ளி மூடினார்கள். வெட்டிய மண்ணில் ஒரு கூடைகூட வெளியே போகவில்லை. ஊரார் குழிகளையெல்லாம் கணக்குப் பார்த்த மனுஷிக்கு வெட்டிய குழி அன்றே நிரம்பிவிட்டது. நான் வெட்டியது அப்படியே கிடக்கிறது.

பொக்லைனைச் செய்தி வந்த அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. கோபிப்பாள், அவள் கோபத்திலும் நியாயம் உண்டு. எல்லாமே சோர்வாக இருக்கிறது. ஸ்டெல்லா மேடத்தின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கடைசிப் பிளான் ஒன்றுதான். மூலையில் அந்தக் கட்டம் இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை.