வீடு பார்க்க வந்த மாமி

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுகிற ஆள். இதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு 'உவருக்கு முந்தியே கொஞ்சம் பயந்த சுபாவம்' என்று நீங்கள் முடிவு கட்டக்கூடாது. ரியூட்டரியில் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். ஒளித்தெறிப்பு, ஒளிமுறிவு என்று கரும்பலகையில் கோடு கீறிக் கீறியே இருமல் பிடித்தவன். சுடலைக்குப் பக்கத்து ஒழுங்கையால் தனியச் சைக்கிளில் வருவேன், பாட்டும் பாடிக்கொண்டு. அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். எனக்கே இன்னும் ஒரு இழவும் விளங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அச்சுவேலியில் எங்களுக்கு ஒரு பாதி வீடு இருந்தது. என் தங்கச்சி மலருக்குச் சீதனமாய்க் கொடுக்க வேண்டும் என்று ஐயா தொடங்கிய வீடு. சுவர் எழும்பி, ஓடும் போட்டாயிற்று. அதோடு ஐயா கண்ணை மூடினார், மேசன் ஜேர்மனிக்குப் போனான், சண்டையால் எங்கள் பக்கத்துக்குச் சீமெந்து கொண்டுவரத் தடை வந்தது. மின்சாரமும் இல்லை, பெயின்றும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வீடு, உள்ளே போனால் பூசாத கல்லுச் சுவர். மாப்பிள்ளை பகுதியினர் வருவார்கள், உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், 'உள்வேலை முடியட்டும், பிறகு கதைப்பம்' என்று போவார்கள், பிறகு கதைக்க மாட்டார்கள். மலருக்கு முப்பது தாண்டிவிட்டது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவா, மலர் அழவே மாட்டாள், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

அந்த நேரத்தில்தான் நீர்வேலியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பங்கீட்டுச் சாமான் கொடுக்கிற சங்கக்கடையில் வேலை, அமைதியான பொடியன். மலரை அங்கே வரிசையில் நிற்கக் கண்டு அவரே விரும்பித்தான் தரகரை அனுப்பினார். ஆனால் முடிவு அவருடைய தாயின் கையில். வீட்டைப் பார்க்காமல் அந்த மனுசி வாய் திறக்காது என்று தரகர் சொன்னார். இதுவும் தட்டிப் போனால் இனி ஒரு சம்பந்தமும் வராது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

சரி, மேசன் இல்லாவிட்டால் என்ன, நானே பூசுகிறேன் என்று இறங்கினேன். சுண்ணாம்பும் மணலும் குழைத்து, பிடிப்பதற்குப் பனங்கட்டித் தண்ணீர் விட்டேன். அம்மா குசினியிலிருந்து சத்தம் போட்டா.

"தேத்தண்ணிக்கு நக்க ஒரு துண்டு பனங்கட்டி இல்லை, சுவர் குடிக்குது பனங்கட்டி!"

"சுவர் குடிச்சால்தான் அம்மா, மாப்பிள்ளை வீட்டார் எங்கடை தேத்தண்ணியைக் குடிப்பினம்."

மலர் மணல் அரித்துத் தந்தாள். மாட்டுவண்டிக்காரன் வடமராட்சிக் கரையிலிருந்து கொண்டுவந்த மணல், நல்ல வெள்ளை. எந்த இடம் என்று கேட்டதற்கு, "மண்தானே தம்பி, எங்கத்தையான் மண்ணெண்டால் என்ன" என்று சொல்லிவிட்டுப் போனான். என் பூச்சைப் பற்றிக் கேட்காதீர்கள், சில இடத்தில் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. ஆனால் நடு அறை மட்டும் திறமாய் வந்தது. நீலம் கலந்து வெள்ளையும் அடித்தேன். அடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தபோது, மெய்யாகச் சொல்லுகிறேன், கண் கலங்கிவிட்டது. நிலம் மட்டும் சீமெந்து இல்லாமல் மண்ணாய்க் கிடந்தது.

அடுத்த நாள் பின்னேரம் மலர் வந்து கேட்டாள்.

"அண்ணை, கிணத்தடித் தொட்டியை நிறைச்சு விட்டனீங்களோ? அறைச் சுவரிலை தண்ணி வெளிச்சம் ஆடுது."

போய்ப் பார்த்தேன். தொட்டித் தண்ணீரில் வெயில் பட்டால் எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சம் வலைபோல அசையுமே, அதுதான். சுவரின் மேல்பாதி முழுக்க மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வடிவாய்த்தான் இருந்தது. நான் விடுவேனா, தங்கச்சியை நிறுத்தி வைத்துப் படுகோணம், தெறிகோணம் எல்லாம் விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்திவிட்டுத் தொட்டியின் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை விட்டேன். வந்து பார்த்தால் வெளிச்சம் அப்படியே ஆடுகிறது.

"படுகோணம் எங்கையண்ணை?" என்றாள் மலர்.

பிறகு என்ன, எனக்கு வெறி பிடித்தது. யன்னலுக்கு இன்னும் கதவு போடவில்லை, ஓட்டையைச் சாக்கால் அடைத்தேன். வெளிச்சம் ஆடியது. ஓட்டுக்குள்ளால் வெயில் வருகிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். இல்லை. அடுத்தடுத்த நாட்களும் அதே பின்னேரம் அதே வெளிச்சம். மாரி இருட்டிக்கொண்டு வந்து சூரியனே தெரியாமல் மழை கொட்டிய ஒரு நாளும் அது வந்தது. அண்டைக்குத்தான் வெயிலைத் தேடுவதை விட்டேன்.

கடைசியாக ஒரு யோசனை வந்தது. ஒரு பொருளின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் வெளிச்சம் இருக்கும். இது எட்டாம் வகுப்புப் பாடம். சுவருக்குக் கிட்டப் போய்க் கையை நீட்டிப் பிடித்தேன். கையின் நிழல் மேலே, ஓட்டுப் பக்கம் விழுந்தது. அப்படியென்றால் வெளிச்சம் கீழேயிருந்து வருகிறது. கீழே என்ன இருக்கிறது, மண். மண்வெட்டியை எடுத்து முழங்கை ஆழத்துக்குக் கொத்திப் பார்த்தேன். காய்ந்த மண்தான். கொத்திக்கொண்டு நிற்கிற என் முகத்தில் அந்த வெளிச்சம் ஆடியது என்று மலர் பிறகு சொன்னாள்.

அம்மா வந்து மண்வெட்டியைப் பறித்தா.

"என்ன எண்டாலும் இருக்கட்டும் மேனை. வெளியிலை ஒரு சொல் போகப்படாது. பேய் வீடெண்டு ஒருத்தன் வாய் திறந்தானெண்டால், என்ரை பிள்ளைக்கு இந்தப் பிறவியிலை கலியாணம் இல்லை."

பேயைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஊரைப் பற்றித்தான் பயம். வாயை மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் தாய் வருகிற நாள் குறித்தார்கள். வீடு பார்க்கிறது மட்டும்தான், பொம்பிளை பார்க்கிறது வேறு நாள் கோயிலில் என்று பேச்சு. அதனால் மலரை அளவெட்டியில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அண்டைக்கு மலர் வீட்டில் இல்லை. அம்மாவும் நானும் மட்டும்தான். காலையிலேயே வந்துவிட்டுப் போனால் வெளிச்சம் வருவதற்குள் தப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அவர்கள் வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. மனுசி தன் தம்பியின் சைக்கிள் கரியரில் இருந்து இறங்கியபடியே சொன்னா:

"குண்டு போடுற பொம்மர் சுத்தினதாலை புத்தூரிலை பதுங்கி நிண்டிட்டு வாறம் தம்பி. குறை நினையாதையுங்கோ."

அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனா. நான் விறாந்தையைக் காட்டினேன், கூரை மரத்தைக் காட்டினேன், கதவு போடாத நடு அறைக்கு மட்டும் வாசலில் பாயைத் தொங்கவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மனுசியின் தம்பி கூரையின் பனை வளையைப் பற்றி ஏதோ கேட்க, நான் அந்தப் பக்கம் திரும்ப, "உதுக்குள்ளை என்ன?" என்று சொல்லிக்கொண்டே அவ பாயை விலக்கி உள்ளே போய்விட்டா. எனக்கு உயிர் போனது. அந்த மனுசனோ வளையை விடுகிற பாடில்லை. உள்ளேயிருந்து அவ மெல்லிய குரலில் கதைக்கிற சத்தம் கேட்டது. வயதானவர்கள் தனியக் கதைப்பார்கள்தானே என்று நினைத்தேன்.

ஒருவாறு கழன்றுகொண்டு போய்ப் பாயை விலக்கினால், சுவர் முழுக்க வெளிச்சம் ஆடுகிறது. மனுசி நடுவில் நிற்கிறா, வலது கையை முன்னுக்கு நீட்டி, விரல்களை மடித்தபடி. என்னைப்போல நிழல் பார்க்கிறாவோ என்று ஒரு விசர் நினைப்பு வந்தது. கலியாணம் போச்சு, மலர் போச்சு என்று நான் வாசலில் விறைத்துப்போய் நிற்க, அவ என் பக்கம் திரும்பினா. முகம் முழுக்கச் சிரிப்பு.

"எனக்கு முழுச் சம்மதம் தம்பி. இனிப் பொம்பிளை பார்க்கவெண்டு வேறை ஒரு நாள் வைக்கத் தேவையில்லை. தையிலை செய்வம்."

அம்மா தேத்தண்ணியோடு பிள்ளையார் படத்துக்கு முன்னால் அழுதா. எனக்குச் சந்தோசம்தான், ஆனால் குழப்பம் அதைவிடப் பெரிது. சுவரில் அவ்வளவு ஆட்டம் ஆடினதைப் பார்த்தும் இந்த மனுசி ஏன் ஒரு கேள்வி கேட்கவில்லை? பொம்பிளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எந்தத் தாய் ஓமென்று சொல்லும்? அதைவிட, அடுத்த நாளிலிருந்து அந்த வெளிச்சம் வரவேயில்லை. நானும் பின்னேரப் பின்னேரம் போய் நின்று பார்த்தேன். வெறும் வெள்ளைச் சுவர்.

தையில் கலியாணம் நடந்தது. மணவறையில் மலரைக் கண்டதும் மாமியின், அதுதான் மாப்பிள்ளையின் தாயின், முகம் செத்துப்போனதை நான் கண்ணால் கண்டேன். நகை காணாது என்று நினைக்கிறாவாக்கும் என்று அம்மா குசுகுசுத்தா. ஆனால் அது நகைப் பிரச்சினை இல்லை. மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு வந்து இருந்தார், அறைகளுக்குக் கதவும் போட்டார், நல்ல மனுசன், இரண்டு பேரும் சிரித்துப் பேசி வாழ்ந்தார்கள். மாமி மட்டும் மலரோடு முகம் கொடுத்துக் கதைக்கவே மாட்டா. நீர்வேலியிலிருந்து வருவா, விறாந்தையில் இருப்பா, வாசலையே பார்ப்பா, யாரையோ தேடுகிறமாதிரி. ஒருநாள் நடு அறைக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றா. என்னைக் கண்டதும் போய்விட்டா.

"மாமிக்கு என்னைக் கண்ணிலை காட்டப்படாது அண்ணை. நான் என்ன பிழை செய்தனான்?" என்று மலர் முதல் தடவையாக என் முன்னால் அழுதாள். 

பிறகு தொண்ணூற்றைந்து. இராணுவம் நெருங்க, வலிகாமம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட அந்த மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நாங்களும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, வழியில் நீர்வேலியில் மாமியையும் ஏற்றிக்கொண்டு சனத்தோடு சனமாய் நடந்தோம். நாவற்குழிக்குக் கிட்ட நெரிசலில் அசைய முடியவில்லை. மாமியை என் சைக்கிள் கரியரில் இருத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலரும் மாப்பிள்ளையும் அம்மாவும் கொஞ்சம் முன்னால். மாமி எங்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தா.

"தம்பி, மற்றப் பிள்ளை எங்கை?"

"எந்தப் பிள்ளை மாமி?"

"இந்த நேரத்திலையுமோ ஒளிக்கிறியள்? உங்கடை மற்றத் தங்கச்சி. நான் வீடு பார்க்க வந்தண்டு அறைக்குள்ளை நிண்டவள். முழுகின ஈரத் தலை, காலெல்லாம் வெள்ளை மணல். வீட்டு வேலை செய்துபோட்டு நிக்கிற பிள்ளையெண்டு எனக்குக் கண்டவுடனை பிடிச்சுப்போச்சு. அவளைத்தானே நான் கேட்டனான், நீங்கள் மாத்திப் போட்டியள்."

மழையில் எனக்குக் காது அடைத்தது. எனக்கு ஒரு தங்கச்சிதான் என்று சொல்ல வேண்டியவன் வேறொன்றைக் கேட்டேன்.

"அவ... உங்களோடை கதைச்சவவோ?"

"கதைக்காமலோ? என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, எப்ப கூட்டிக்கொண்டு போவியள் எண்டு கேட்டவள். கை குளிர்ந்து கிடந்தது. தையிலை கூட்டிக்கொண்டு போறன் பிள்ளை எண்டு சொன்னனான். மணவறையிலை பாத்தால் வேறை ஆள். என்ரை மேன் சிரிச்சுக்கொண்டு இருக்கிறான், நான் என்னத்தைக் கேக்கிறது? அவளுக்குச் சொன்ன சொல்லு என்ரை நெஞ்சிலை கிடந்து அறுக்குது தம்பி. மலரைக் காணேக்கையெல்லாம் அதுதான் ஞாபகம் வருது." மாமி என் சேட்டுக் கையைப் பிடித்தா. "வீட்டிலை விட்டிட்டோ வந்தனீங்கள்?"

"இல்லை மாமி," என்றேன். எங்கேயிருந்து வந்தது அந்தப் பொய் என்று தெரியாது. "அவ முன்னாலை போயிட்டா. சாவகச்சேரியிலை சொந்தக்காரரோடை நிக்கிறா. கலியாணமும் சரிவந்திட்டுது."

"மெய்யாய்?"

"மெய்யாய் மாமி."

மாமி ஒரு பெரிய மூச்சு விட்டா. "பிள்ளை மலர், இஞ்சை கிட்ட வா, நனையிறாய்" என்று கூப்பிட்டுத் தன் சீலைத் தலைப்பால் அவளுடைய தலையை மூடினா. மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருந்த ஆச்சரியத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அண்டையிலிருந்து மாமி சாகும்வரை இரண்டு பேரும் தாயும் மகளும்போலத்தான் இருந்தார்கள். அதனால் நான் அந்தப் பொய்யைப் பொய்யாகவே வைத்திருக்கிறேன், மலருக்கும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னை விடுகிறதில்லை. ஊரை விட்டு வந்த அண்டைக்கு வீட்டிலிருந்து கடைசியாக வெளிக்கிட்டது நான். எல்லா அறையையும் எட்டிப் பார்த்தேன், நடு அறையையும் பார்த்தேன், ஒருவரும் இல்லை. இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுகிறேன். மற்ற அறைகளின் கதவுகள் எல்லாம் ஆவென்று திறந்து கிடக்க, அப்படியே விட்டுவிட்டு வந்தேன், அவ்வளவு அவசரம். நடு அறைக் கதவுக்கு மட்டும், திரும்பி வந்து, வெளியால் கொண்டி போட்டேன். மாமி அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல முதலே, ஆளில்லாத அறைக்கு ஏன் போட்டேன் என்று எனக்குத் தெரியாது.