யார் கை போட்ட விதை

பச்சை வலைக்குக் கீழே நின்றால் கை, முகம் எல்லாம் பச்சையாகத் தெரியும். அண்ணன் அந்த நிழல்வலைக் கூடாரத்தைப் போட்டு முடித்த அன்று மதினி இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்து, "பாத்தியாட்டி, கிளிக்குஞ்சு மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாள். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் கரிசல் ஊர் எங்களுடையது. நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். இரண்டாயிரம் பிறந்த புதிது அது. மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளைத் தட்டில் வளர்த்து விற்கலாம் என்று அண்ணனுக்கு யோசனை சொன்னதே மதினிதான்.

சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ஊரில் யார் வீட்டு நாற்றங்காலிலும் முதல் விதை அவள் கையால்தான் விழும். கைராசிக்காரி என்று பெயர். கைராசியாவது மண்ணாவது! அவளுக்கு நேரம் தெரியும், அவ்வளவுதான். ஐப்பசி மழை நிலத்தை நனைக்கும்போது நாற்று நடுகிற பருவத்தில் நிற்க வேண்டும். அதற்கு எப்போது விதைப்பது என்பதை அவள் ஆடி மாத மேல்காற்றைப் பார்த்தே சொல்வாள். வெற்றிலை பாக்கோடு கூப்பிட வருகிறவர்களைக்கூட, "மேகாத்து ஓயட்டும். முந்துனா நாத்து முத்திப்போகும், பிந்துனா மழை போயிரும்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

கூடாரம் போட்ட அந்த ஆடியிலேயே அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டான். ஆவணியில் காற்று ஓய்ந்தது. வெற்றிலை பாக்கோடு ஒருத்தரும் வரவில்லை. விதை போட அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனவர்களே, அவள் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தென்னைநார்த் தூள் நிரப்பிய தட்டுகள் வலைக்குக் கீழே சும்மா கிடந்தன.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீ வந்து மொத வெதயப் போடுட்டி. நாள் தப்புது" என்றாள்.

"ஒங்க கைக்கு என்ன கேடு? நீங்க போடுங்க மதினி" என்று சண்டை போட்டேன். அழுதேன். அவள் அழவில்லை. உள்ளே போய் மிளகாய் விதையை எடுத்து வந்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவளே போட்டாள்.

அந்த வருடம் நாற்று அப்படித் திரண்டு வந்தது. முதலில் வாங்க வந்த பக்கத்துத் தெருக்காரி தட்டைத் தொடாமலே, "மொத வெத யாரு போட்டது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி, "எங்க நாத்தனாதான்" என்றாள். அன்றோடு நான் கைராசிக்காரி ஆனேன். கொத்தமல்லியைக்கூட ஒழுங்காக முளைக்கவைக்கத் தெரியாத நான்!

ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று குதித்தேன். "சொல்லிராத. இனி எவ தோட்டத்துல நாத்து அழுகுனாலும் என் தலையிலதான் விழும். ஒம் பேருலயே இருக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு வெற்றிலை பாக்கு என் வீட்டுக்கு வரத் தொடங்கியது. எப்போது போடலாம் என்று கேட்பார்கள். "சொல்லி அனுப்புதேன்" என்பேன். பின்வாசல் வழியாக ஓடி மதினியைக் கேட்பேன். அவள் முற்றத்தில் இறங்கிக் காற்றைப் பார்த்துவிட்டு நாள் சொல்வாள். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் விதை போடுவேன். அவள் வீட்டிலேயே இருப்பாள். அந்த மரியாதை ஒருநாளும் எனக்குத் தொண்டையில் இறங்கியதில்லை.

சில வருடங்களில் மதினியும் போய்விட்டாள். கூடாரத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அடுத்த ஆவணியில் அதே பக்கத்துத் தெருக்காரி, இனித் தன் வீட்டிலேயே நாற்றுப் போடப் போவதாகச் சொல்லி வெற்றிலைத் தட்டோடு வந்தாள். வருடா வருடம் மதினியின் நாற்றை நட்டு விளைவித்தவள். என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப எல்லாமே அவிய கையா யக்கா?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கும் என்று நினைத்தேன். "அதான் போன வருசம் எங்க கத்தரி பூராவும் சொத்தையாப் போச்சு போல" என்றாள்.

பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, "போனது போகட்டும். இந்த வருசம் நீங்களே வந்து போடுங்க. எப்பப் போடலாம்?" என்று கேட்டாள்.

"சொல்லி அனுப்புதேன்" என்றேன், பழக்கத்தில். அவள் போனதும் பழையபடி பின்வாசல் வரை போய்விட்டேன். யாரிடம் போய்க் கேட்பேன்?